சோத்தாங்கைப் பக்கம் உதட்டுப் பிளவு: ஆபரேஷன் பண்ற டாக்டருக்குச் சிரமமா?

களத்துக்காரன், காங்கயம்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. பொண்ணு பொறந்து இன்னைக்கு 38 நாள். மேலுதடு சோத்தாங்கைப் பக்கம் மூக்கு வரைக்கும் பிளந்திருக்குது. ஈறு, உள்ளே அண்ணம் எல்லாமே அதோட சேர்ந்துதான். சீட்டுல "குரூப் 3, ரைட்"னு எழுதியிருக்காங்க. பொறந்தப்ப 2.7 கிலோ, நேத்து எடை பார்த்ததுல 3.4.

நான் தேங்காக் களத்துல கணக்கு எழுதறவன். மருத்துவம் ஒண்ணும் தெரியாது. போன வாரம் ஒரு ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போயிருந்தோம். பெரிய டாக்டர் பார்த்துட்டு, 3 மாசம் ஆகட்டும், எடை ஏறட்டும், உதட்டைத் தைச்சுடலாம்னு சொன்னாருங்க. அது வரைக்கும் ஒண்ணுமில்லே. வெளியே வந்து சீட்டுக்கு நிக்கறப்ப, பக்கத்துல ரெண்டு சின்ன டாக்டருங்க பேசிக்கிட்டது காதுல விழுந்துருச்சு. "ரைட்டா? சாருக்கு லெஃப்ட்டுன்னா கண்ணை மூடிட்டுப் பண்ணுவாரு"ன்னு ஒருத்தர். இன்னொருத்தர் சிரிச்சாரு.

அன்னைக்கிருந்து எனக்குத் தூக்கமில்லைங்க. மாடு வாங்கறப்ப சுழி பாக்கற மாதிரி, பக்கம் பாத்து டாக்டர் தேடோணுமா? எந்தப் பக்கம் பிளந்திருந்தா என்ன, உதடு உதடுதானேன்னு நெனச்சுட்டு இருந்தேன். இடப்பக்கம், வலப்பக்கம்னு வித்தியாசம் நெசமா இருக்குதா? இருந்தா வலப்பக்கமே பண்ணிப் பழகுன டாக்டருன்னு யாராச்சும் இருக்காங்களா?

இன்னொண்ணு. எங்கம்மா, கிரகணத்தன்னைக்கு மருமக அருவாமனையில காய் நறுக்குனதாலதான்னு ஒறம்பரை வந்தவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டு இருக்காங்க. சம்சாரம் ரொம்பப் பொக்குனு போயிட்டா. அதுக்கும் யாராச்சும் ஒரு பதில் சொன்னா, அப்படியே எங்கம்மாவுக்குப் படிச்சுக் காட்டிருவேன்.

தியேட்டர் சிஸ்டர், மொடக்குறிச்சி:

தம்பி, வெசனப்படாதீங்க. நான் 29 வருசம் ஆபரேஷன் தியேட்டர்ல நின்னவ. இப்ப ரெண்டு எருமையும் ஒரு பேத்தியுமா ஊர்ல இருக்கறேன். உதட்டுப் பிளவுக்கு மட்டும் அஞ்சாறு சர்ஜனுக்குக் கத்தி எடுத்துக் குடுத்திருக்கறேன். அதனால பார்த்ததைச் சொல்றேன், படிச்சதை இல்லை.

பக்க வித்தியாசம் இருக்குதான்னா, இருக்குது. ஆனா அது குழந்தைக்கு இல்லைங்க, டாக்டரோட மணிக்கட்டுக்கு.

ஏன்னு சொல்றேன். உதடு தைக்கறப்ப டாக்டர் குழந்தையோட தலைமாட்டுல உக்காருவாரு. தோளுக்கு அடியில துண்டைச் சுருட்டி வெச்சு, தலையைச் சித்தெ பின்னால சாய்ச்சிருப்போம். மயக்கக் குழாயைக் கீழுதட்டு நடுவுல, தாடைப் பக்கம் வளைச்சு ஒட்டியிருப்பாங்க. ஒரு பக்கமா இழுத்து ஒட்டிட்டா உதடே கோணிக்கும், அப்புறம் போடற புள்ளியெல்லாம் தப்பாப் போயிரும். தலைமாட்டுல இருந்து பார்க்கறதால குழந்தையோட வலப்பக்கம் டாக்டருக்கும் வலப்பக்கந்தான். இப்ப நீங்களே கையை வெச்சுப் பாருங்க. பிளவு இடப்பக்கம்னா, இடது கையில கொக்கியைப் போட்டு அந்தப் பக்கத்து உதட்டை ஒதுக்கிப் பிடிச்சுக்கலாம். சோத்தாங்கையில கத்தி நேரா எறங்கும். அதே வலப்பக்கம்னா ரெண்டு கையும் ஒண்ணு மேல ஒண்ணு வரும், மணிக்கட்டைத் திருப்பி வெட்டோணும். தோசைக் கரண்டியை நொட்டாங்கையில பிடிச்சுத் திருப்பிப் பாருங்க, தோசை வேகாமப் போகாது, ஆனா கை சொன்ன பேச்சுக் கேக்காது.

இதுல டாக்டருங்களுக்குள்ளயே ஒத்த பேச்சு கெடையாதுங்க. டீ ரூம்ல எத்தனை தடவை கேட்டிருப்பேன்! மூத்தவரு ஒருத்தர், வலப்பக்கம்னா மொத நாள் ராத்திரியே குழந்தையோட போட்டோவைப் பெருசாப் போட்டு, அது மேல எண்ணெய்க் காகிதத்தை வெச்சுப் புள்ளி, கோடெல்லாம் வரைவாரு. அப்புறம் காகிதத்தைத் திருப்பிப் போட்டு, இடப்பக்கமா ஆக்கிப் பார்ப்பாரு. சரியா வந்திருந்தாத்தான் படுக்கப் போவாரு. அதை மறைக்கவும் மாட்டாரு, "எனக்கு வலது கொஞ்சம் தகராறும்மா"ன்னு வாய்விட்டே சொல்லுவாரு. இன்னொருத்தர் அதைக் கேட்டாலே சிரிப்பாரு. "பக்கமாவது ஒண்ணாவது, அளந்து வெட்டறவனுக்கு எல்லாம் ஒண்ணுதான்"பாரு. ஆனா வலப்பக்கக் கேசுன்னா அன்னைக்கு அவரு வானொலியை வைக்கச் சொல்ல மாட்டாரு. நானும் கேக்க மாட்டேன்.

மூணாமத்தவருக்குப் பீச்சாங்கைப் பழக்கம். படிக்கறப்ப அவரோட வாத்தியார் கத்தியைப் புடுங்கி வலது கையில திணிப்பாராம். பல்லைக் கடிச்சுட்டு ரெண்டு கையிலயும் பழகிட்டாரு. அவருக்கு எல்லாமே தலைகீழு. வலப்பக்கம் வந்தா பாட்டுப் பாடிட்டே பண்ணுவாரு, இடப்பக்கம்னா மேசையைச் சித்தெ திருப்பச் சொல்லுவாரு. நானும் கத்தி, கொக்கியெல்லாம் மாத்தி அடுக்கோணும்.

நான் கடியாரத்தைப் பார்க்கற பழக்கக்காரி. வலப்பக்கம்னா கால் மணி, இருபது நிமிசம் கூட ஆகும், அவ்வளவுதான். ஆறு மாசம் கழிச்சு அதே குழந்தைகளைத் தாயார் தூக்கிட்டு வர்றப்ப, எது சுளுவா முடிஞ்சது, எதுக்கு வேர்த்து ஊத்துச்சுன்னு முகத்தைப் பார்த்து எனக்கே சொல்லத் தெரியாது.

டாக்டருங்க முகம் நெசமாலுமே மாறறது வேற எடத்துலங்க. பிளவு எத்தனை அகலம், ஈறு ரெண்டும் எவ்வளவு தூரம் தள்ளி நிக்குது, மூக்கு எவ்வளவு சப்பையாச் சாஞ்சிருக்குது, இதையெல்லாம் பார்த்துட்டுத்தான் "ம்"னு ஒரு சத்தம் போடுவாங்க. ரைட்டு, லெஃப்ட்டுக்கு அந்த "ம்" வந்து நான் கேட்டதில்லை.

கிரகணத்துக்கு வர்றேன். அம்மாகிட்ட நான் சொல்றதா இதைப் படிச்சுக் காட்டுங்க: அம்மிணி, வயித்துல இருக்கற புள்ளைக்கு மேலுதடு கூடறது அஞ்சுல இருந்து ஏழாவது வாரத்துக்குள்ள. நாள் தள்ளிப் போச்சுன்னு மருமக ஒறம்பரைக்கெல்லாம் சொல்லி முடிக்கறதுக்குள்ளயே அந்த வேலை முடிஞ்சு போயிருக்கும். அண்ணம் கூடறது 12 வாரத்துக்குள்ள முடிஞ்சிரும். காலண்டரை எடுத்து வெச்சுட்டுக் கிரகணம் என்னைக்கு, மருமக முழுகாம இருந்தது எத்தனாவது மாசம்னு பாருங்க. காய் நறுக்காதவங்களுக்கும் பொறந்திருக்குது, நறுக்குன நூறு பேருக்குப் பொறக்காமயும் இருக்குது. நான் சீமந்தத்துக்கு மொத நாள் கிரகணத்துல எருமைக்குத் தட்டு வெட்டிப் போட்டவ. மூணு புள்ளை, மூணும் நல்லாத்தான் இருக்குது.

பால் எப்படிக் குடுக்கறீங்க? அதை நீங்க எழுதவே இல்லையே.

தறிக்காரன், சோமனூர்:

அண்ணா, நானும் ரைட்டுதான். இப்ப வயசு 41. விசைத்தறி 12 ஓடுது, ரெண்டு பசங்க. ரெண்டு பேருக்கும் உதட்டுல ஒண்ணுமில்லை.

எனக்கு எந்த வயசுல, யார் தைச்சாங்கன்னு சரியாத் தெரியாது. எங்கப்புச்சி தோள்ல தூக்கிட்டுப் போனாருன்னு மட்டும் சொல்லுவாங்க. இன்னைக்கு மீசை விட்டிருக்கறேன். தழும்பு ஓடற எடத்துல மட்டும் முடி முளைக்காது, பாத்திக்கு நடுவுல வரப்பு மாதிரி ஒரு கோடு தெரியும். ஆம்பளைக்குச் சரி, பொட்டப்புள்ளைக்குன்னு நீங்க யோசிப்பீங்க. இப்ப தைக்கற தையல் வேற மாதிரிங்க. எங்க தெருவுல ஒரு புள்ளை காலேஜ் போகுது, பக்கத்துல போய் நின்னாத்தான் தெரியும்.

ஒரு வேடிக்கை சொல்றேன். செல்போன்ல நம்மள நாமே போட்டோ எடுக்கறப்ப கண்ணாடி மாதிரி மாத்திக் காட்டுதுல்ல, அதைப் பார்த்தா என் தழும்பு லெஃப்ட் பக்கத்து உதட்டுல இருக்கற மாதிரி தெரியுது. கண்ணாடியிலயும் அந்தப் பக்கந்தான் பார்த்துப் பழக்கம். வேற யாராச்சும் எடுத்த கல்யாண போட்டோவைப் பார்த்தா, அட, இது யாருடான்னு எனக்கே ஒரு நிமிசம் ஆகுது. அந்தச் சின்ன டாக்டருங்க சிரிச்சதுக்கு இதுக்கு மேல அர்த்தம் இருக்காதுங்க.

தழும்பை வெச்சு யாரும் என்கிட்டக் கணக்கு முடிச்சதில்லை. பேச்சுதான் கொஞ்ச நாள் மூக்கால வந்துச்சு, அதுக்குத்தான் பள்ளிக்கூடத்துல கேலி. அண்ணத்தை நேரத்துக்குத் தைச்சுருங்க, பேச்சுப் பயிற்சிக்கு விடாமக் கூட்டிட்டுப் போங்க. உதட்டை விட அதுதாங்க முக்கியம்.

நூல்பிடி, கோவை:

நான் பிளாஸ்டிக் சர்ஜன். இன்னும் வேலையில்தான் இருக்கிறேன், அதனால் பெயர் வேண்டாம். சிஸ்டர் சொன்ன எண்ணெய்க் காகிதம் எனக்கும் தெரியும். நான் இப்போது செல்போனில் படத்தைத் திருப்பிப் பார்க்கிறேன், வேலை ஒன்றுதான்.

முதலில் எண்ணிக்கை. ஒருபக்கப் பிளவில் இடப்பக்கம் வருவது வலப்பக்கத்தைப் போல இரண்டு மடங்கு. இரண்டு பக்கமும் பிளந்த குழந்தைகளையும் சேர்த்துச் சொன்னால் இடது, வலது, இருபுறம் என்று ஏறக்குறைய 6:3:1. உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது. வருஷத்துக்கு 100 உதடு தைக்கிறவர் கைக்கு வலப்பக்கம் முப்பது வரும். அவருக்கு அது புதுசே இல்லை. வருஷத்துக்கு ஆறு தைக்கிறவருக்கு இரண்டு வரும், அந்த இரண்டுக்கும் நடுவில் ஆறு மாசம் இருக்கும். "வலப்பக்கம் கடினம்" என்று சொல்கிற சர்ஜன்களில் பலருக்கு அது பக்கத்தால் வந்த கடினம் இல்லை, இடைவெளியால் வந்தது என்பது என் எண்ணம். ஆகையால் வலப்பக்க நிபுணர் என்று யாரையும் தேடாதீர்கள். வருஷத்துக்கு எத்தனை உதடு தைக்கிறீர்கள் என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிறவரிடம் எப்படியும் போக வேண்டாம்.

கைப்பழக்கத்தை சிஸ்டர் நன்றாகவே சொன்னார். ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். கூடுதலாகிற அந்த இருபது நிமிஷம் வெட்டுவதில் போவதில்லை, வெட்டுவதற்கு முன்னால் புள்ளி வைப்பதில் போகிறது. மேலுதட்டின் நடுவில் வில் மாதிரி ஒரு வளைவு இருக்கிறதே, அதன் மேடு, பள்ளம், மேடு என்று மூன்று புள்ளி. பிளவில்லாத பக்கத்து அளவுதான் அச்சு. அதை அப்படியே கண்ணாடிப் பிம்பமாக மறுபக்கத்தில் எடுத்து வைக்க வேண்டும். மூக்கின் நடுத்தண்டு நல்ல பக்கம் சாய்ந்திருக்கும், பிளந்த பக்கத்து மூக்குமடல் தட்டையாகிக் கீழே, வெளியே, பின்னே இழுபட்டிருக்கும். இடப்பக்கப் பிளவையே பார்த்துப் பழகிய கண் இதைத் தலைகீழாகப் படிக்கச் சிரமப்படும். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் உதட்டுச் சிவப்பின் ஓரக்கோட்டில் படி விழுந்துவிடும், அதைப் பேசுகிற தூரத்திலிருந்தே பார்க்கலாம். நான் படித்த பாடப்புத்தகங்களின் படங்களிலும் பெரும்பாலும் இடப்பக்கம்தான். மாணவனாக இருந்தபோது வலப்பக்கக் கேஸ் என்றால் புத்தகத்தைக் கண்ணாடி முன் பிடித்துக்கொண்டு படித்திருக்கிறேன்.

எந்த முறையில் தைக்கிறார் என்பதைப் பொறுத்தும் இந்த வித்தியாசம் கூடும், குறையும். அமெரிக்காவின் ரால்ஃப் மில்லார்ட் 1955-இல் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் சொன்ன முறையில் நல்ல பக்கத்துத் துண்டைச் சுழற்றிக் கீழே இறக்கி, பிளந்த பக்கத்துத் துண்டை முன்னே நகர்த்திப் பொருத்துவார்கள். வெட்ட வெட்டப் பார்த்து முடிவு செய்வதுதான் அதன் அழகு, அதுவே அதன் ஆபத்தும்கூட. கண்ணையும் கையையும் நம்பிச் செய்வதால் பழகாத பக்கத்தில் தடுமாற இடம் அதிகம். 1952-இல் டென்னிசன் சொன்ன முக்கோண முறை அளவை முன்கூட்டியே எடுத்துக்கொண்டு வெட்டுவது. டொரண்டோவின் ஃபிஷர் 2005-இல் எழுதிய முறையும் அளவுக்காரனுக்கு ஏற்றது, தழும்பு உதட்டின் இயற்கையான வரம்பை ஒட்டியே விழும். நான் பத்து வருஷம் மில்லார்ட் செய்தேன், இப்போது ஃபிஷர். மாறிய பிறகு வலப்பக்கம் எனக்கு வலப்பக்கமாகத் தெரிவது குறைந்துவிட்டது. சீட்டில் இருக்கும் "குரூப் 3" என்பது நாக்பூர் பேராசிரியர் பாலகிருஷ்ணன் வகுத்த முறை. உதடு, ஈறு, அண்ணம் மூன்றும் சேர்ந்து பிளந்தது என்று அர்த்தம், நோயின் மூன்றாம் கட்டம் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது எடையைப் பற்றி. 10 வார வயது, 10 பவுண்டு எடை, ரத்தத்தில் 10 கிராம் ஹீமோகுளோபின் என்று பழைய கணக்கு ஒன்று உண்டு, இன்றும் அதைத்தான் அடிப்படையாக வைத்திருக்கிறோம். 10 பவுண்டு என்றால் நாலரை கிலோ. இன்னும் 1.1 கிலோ வேண்டும். நாளுக்கு 25 கிராம் ஏறினால் 44 நாள். இப்போது உங்கள் குழந்தைக்கு நாளுக்கு 18 கிராம்தான் ஏறியிருக்கிறது, அது கொஞ்சம் குறைவு. அண்ணமும் பிளந்திருப்பதால் குழந்தைக்கு உறிஞ்சும் பிடிப்பு வராது. எவ்வளவு நேரம் மார்பில் வைத்தாலும் களைத்துப்போய்த் தூங்கிவிடும், வயிறு நிறையாது.

உதடு முடிந்த பிறகு அண்ணத்தை 9 முதல் 18 மாதத்துக்குள் தைக்க வேண்டும். அதற்கு முன்பே காது பரிசோதனை, இந்தக் குழந்தைகளுக்கு நடுக்காதில் நீர் கோத்துக்கொள்ளும். ஈறுக்கு எலும்பு வைப்பது 8 வயதுக்கு மேல், கோரைப்பல் இறங்குவதற்கு முன்னால். தறிக்காரர் சொன்னது சரி, இந்த வரிசையில் பக்கம் எங்கேயும் வரவில்லை. பணத்துக்குத் திகைக்க வேண்டாம். குழந்தைகளுக்கான அரசின் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவத் திட்டத்தில் இது சேர்ந்த குறைபாடுதான், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னால் மாவட்ட மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். பிளவுக் குழந்தைகளுக்கு உதவும் ஸ்மைல் டிரெயின் தொண்டு அமைப்போடு சேர்ந்த மருத்துவமனைகளிலும் இலவசமாகவே செய்கிறார்கள்.

தடுப்பூசி தேதியை ஆபரேஷனுக்கு எழுதிக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். ஊசிக் காய்ச்சலா, சளிக் காய்ச்சலா என்று தெரியாமல் நாங்கள் திருப்பி அனுப்பிய குழந்தைகள் நிறைய.

தியேட்டர் சிஸ்டர், மொடக்குறிச்சி:

டாக்டர் சொன்னது நெசந்தான், புள்ளி வைக்கறதுலதான் நேரம் போகும். நீல மையைத் தொட்டுத் தொட்டு அழிச்சு அழிச்சு வைப்பாங்க. நான் அதை மறந்துட்டேன். எனக்குக் கத்தி கையில வந்தாத்தான் கணக்கு ஆரம்பம்.

தம்பி, பாலைப் பீச்சிச் சங்குல குடுங்க. படுக்க வெச்சுக் குடுக்காம, மடியில பாதி உக்கார்ந்த மாதிரி நிமித்திப் பிடிச்சுக்கோணும். சங்கு மூக்கைப் பிளவு இல்லாத பக்கம், கன்னத்து உள்பக்கமா வெச்சுச் சொட்டுச் சொட்டா விடுங்க. மூக்குல வந்தா பயந்துக்காதீங்க, நிறுத்திட்டுத் தொடச்சு விட்டு மறுபடி குடுங்க. காத்து நெறைய முழுங்கும், ரெண்டு மூணு தடவை தோள்ல போட்டுத் தட்டோணும். ஒரு தடவைக்கு அரை மணிக்கு மேல போகக் கூடாது, அதுக்கு மேல போனா குடிச்சது குடிக்கற சிரமத்துக்கே செலவாயிரும். உங்கம்மாவுக்குச் சங்குல குடுக்கத் தெரிஞ்சிருக்கும். அந்த வேலையை அவங்ககிட்டயே குடுத்துருங்க, கிரகணம் பேச நேரம் இருக்காது.

களத்துக்காரன், காங்கயம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ரெண்டு நாளாச்சு பதில் போட, கொப்பரை லோடு இருந்துச்சு.

இத்தனை நாள் மார்லயேதான் வெச்சுட்டு இருந்தோம். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம்கூட. குடிக்குதுன்னுதான் நெனச்சோம். சிஸ்டர் எழுதுனதை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். காலண்டரை எடுத்துட்டு வரச் சொன்னாங்க. பார்த்தாங்க, ஒண்ணும் பேசலை. சித்தெ நேரம் கழிச்சு அட்டாலியில ஏறி, நான் குடிச்ச வெள்ளிச் சங்கைத் தேடி எடுத்து, புளி போட்டு வெளக்கி, கொதிக்கற தண்ணியில போட்டாங்க. நேத்து ராத்திரி மூணு தடவை அவங்கதான் குடுத்தாங்க. சம்சாரம் நாலு மணி நேரம் ஒரே மூச்சாத் தூங்குனா.

வர்ற செவ்வாய்க்கிழமை அதே டாக்டர்கிட்டத்தான் போறோம். வருசத்துக்கு எத்தனைன்னு கேக்கறதுக்குக் கூச்சமா இருக்குது, ஆனா கேட்டுருவேன். டாக்டர் சார், நூல்பிடி சார், ஒரே ஒரு சந்தேகம்: அங்க தராசு ஒரு மாதிரி காட்டுது, இங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல ஒரு மாதிரி காட்டுது. 60 கிராம் வித்தியாசம். எதை வெச்சுக் கணக்கு எழுதறதுங்க?

நூல்பிடி, கோவை:

எதையாவது ஒன்றை. ஆனால் எப்போதும் அதே தராசு, துணியில்லாமல், பால் கொடுப்பதற்கு முன்னால்.